நான் சேர்த்துச் சொன்ன ஒரு சொல்

அக்கா,

இன்று மாலை கடைவீதியின் பின்சந்து வழியாக வந்தேன். தங்கம் உருக்கும் கடை ஒன்றின் திறந்த கதவிலிருந்து திராவகப் புகை மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. மூக்கில் சுருக்கென்று ஏறித் தொண்டையில் ஒரு புளிப்பை விட்டுப் போகிற வாசனை. உங்கள் வீட்டுக்காரரின் சட்டையில் ஒட்டிக்கொண்டு தினமும் வீட்டுக்குள் வந்த வாசனை. என்னை அறியாமல் நின்றுவிட்டேன். சைக்கிளில் வந்தவர் மணியடித்து, "ஏனுங்க அம்மணி, நடுரோட்டுல நின்னுதான் கனாக் காணோணுமா?" என்று ஒதுங்கிப் போனார். நீங்கள் உங்கள் ஊரில் இறந்துபோன செய்தி வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆனால் இன்றுதான் அது என்னை வந்து சேர்ந்தது போல இருந்தது.

எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு நீங்கள் குடிவந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மகாராஷ்டிரத்தின் ஏதோ ஒரு வறண்ட ஊரிலிருந்து, பழைய நகைகளை உருக்கிச் சுத்தம் செய்யும் வேலைக்காக உங்கள் வீட்டுக்காரர் கோயம்புத்தூர் வந்திருந்தார். கூடவே நீங்களும், நான்கு வயது உஷாவும். விடிந்ததும் அவர் கடைக்குப் போய்விடுவார். அதன்பிறகு உங்கள் பாஷையில் பேச உங்களுக்கு ஆளே இல்லை. அதனால் நீங்கள் எல்லாவற்றோடும் பேசினீர்கள். சோள மாவோடு பேசினீர்கள். பற்றாத அடுப்போடு சண்டை போட்டீர்கள். நாள் முழுக்க அந்த வீட்டில் உங்கள் குரல் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும், பக்கத்துத் தோட்டத்து வாய்க்கால் மாதிரி.

உஷா எதற்கும் பதில் சொன்னதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். குக்கர் விசிலடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். உங்கள் சமையலறைக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதன் வழியாக ஒரு சதுர வெயில் தரையில் விழும். காலையில் அம்மிக்குப் பக்கத்தில் இருக்கும். மதியம் தரையின் நடுவுக்கு நகர்ந்து, சாயங்காலம் சுவரில் ஏறி மறையும். உஷா அதனோடு கூடவே நகர்வாள். வெயிலில் மிதக்கும் தூசியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். பள்ளிவிட்டு வந்து நானும் அவளோடு நகர்வேன். வெயில் சுவரேறும்வரை நேரம் என்று ஒன்று எங்களுக்கு இருக்காது.

அவள் உங்களிடம் வருவது ஒரே ஒரு விதத்தில்தான். நீங்கள் உட்கார்ந்து ரொட்டி தட்டும்போது பின்னால் வந்து தன் முதுகை உங்கள் முதுகோடு சாய்த்து உட்காருவாள். நீங்கள் பேசப் பேச அந்த அதிர்வு அவளுக்குள் போகும் போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொள்வாள்.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். "அவிநாசிக்குப் போயி வேண்டிக்கிட்டு வாங்க, புள்ள பேசிப்போடும்" என்றார்கள் சிலர். "வடக்கத்திக்காரி ஒருத்தரோடயும் ஒட்டமாட்டா, புள்ளயும் அப்படித்தான்" என்றார் எதிர்வீட்டுக்காரம்மா, உங்களுக்குப் புரியாது என்று நினைத்து உங்கள் எதிரிலேயே. உங்களுக்குப் புரிந்தது என்பது எனக்குத் தெரியும்.

கடைசியில் என் அம்மாதான் ஒரு டாக்டரை விசாரித்துச் சொன்னார். உங்கள் வீட்டுக்காரருக்குக் கடையை விட்டு வரமுடியவில்லை. உங்களுக்குச் சந்தைத் தமிழ் மட்டும்தான் தெரியும். நமக்குள் தமிழும் மராத்தியும் கையசைவும் கலந்த ஒரு பேச்சு உண்டாகியிருந்ததால், எடுத்துச் சொல்ல நான் வந்தேன். பாவாடை சட்டையில், பெரிய மனுஷி மாதிரி.

டாக்டர் உஷாவை வெகுநேரம் பார்த்தார். ஆட்டிசம் என்ற சொல்லை அன்றுதான் நாம் முதலில் கேட்டோம். பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு பாஷை பேசினா குழந்தை குழம்பிப்போகும். ஒரே பாஷையில எல்லாரும் பேசச் சொல்லும்மா. அவங்களுக்கு எது நல்லா வருமோ அதுல" என்றார்.

நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியதை இத்தனை வருடமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களுக்கு நன்றாக வருவது மராத்தி. அதுதான் என்றால் இனி நான் உஷாவிடம் பேசக்கூடாது. அந்த வெயில் சதுரத்தில் எனக்கு இடம் இருக்காது. நான் சொன்னேன்: "ஒரே பாஷைலதான் பேசோணுமாமுங்க்கா. தமிழ்ல."

தமிழில் என்பது டாக்டர் சொன்னதல்ல. நான் சேர்த்தது.

அன்று மாலையிலிருந்தே உங்கள் வீட்டில் அந்தக் குரல் நின்றுபோனது. உங்களுக்குத் தெரிந்த தமிழ் காய்கறிக்காரரிடமும் பால்காரரிடமும் கற்றது. அதைத்தான் பெற்ற மகளிடம் பேசினீர்கள். "வாங்க. சாப்புடுங்க. இங்க உக்காருங்க." அம்மா சிரித்தார். "ஏம் அம்மணி, கடைக்கு வந்தவங்களக் கூப்புடற மாதிரியே கூப்புட்டா புள்ள எப்படிக் கிட்ட வரும்?" நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் கொஞ்சுவதற்கோ, கதை சொல்வதற்கோ, சும்மா முணுமுணுப்பதற்கோ உங்களிடம் ஒரு தமிழ்ச் சொல் கிடையாது. இருந்த இருபது முப்பது சொற்களும் காலை ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். மாவு பிசையும் சத்தம் மட்டும் கேட்கும். உஷா முதுகில் சாய வருவதை நிறுத்திக்கொண்டாள். சாய்ந்து கேட்க அங்கே ஒன்றும் இல்லை.

எட்டு மாதம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன்.

ஒருநாள் மதியம் துணி துவைக்கும் கல்லில் உஷா தடுக்கி விழுந்தாள். முழங்காலில் ரத்தம். நீங்கள் ஓடிவந்தீர்கள். வாயைத் திறந்தீர்கள். உங்கள் பாஷை தொண்டைவரை வந்ததையும், பல்லைக் கடித்து அதை விழுங்கியதையும் நான் கண்ணால் பார்த்தேன். "அழுவாதீங்க, அழுவாதீங்க" என்றீர்கள். உஷா உங்களிடமிருந்து திரும்பித் தண்ணீர் டிரம்மைக் கட்டிக்கொண்டாள். அதன் குளிர்ந்த தகரத்தில் கன்னத்தை வைத்து அழுதாள்.

"அக்கா, டாக்டர் தமிழ்னு சொல்லலீங்க. நாந்தான் சொன்னேன்."

உங்களுக்குப் புரிய மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

"டாக்டர் என்னங்க சொன்னாங்க?"

"உங்களுக்கு எது நல்லா வருமோ அது."

நீங்கள் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். டிரம்முக்குப் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தீர்கள். பத்து நாள் கழித்துத் தண்ணீர் விடும்போது நம் தெருக் குழாய் முதலில் வெறும் காற்றைத்தானே துப்பும், அப்படித்தான் உங்கள் வாயிலிருந்து முதலில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு பேச்சு வந்தது. நிற்கவே இல்லை. சேலையெல்லாம் நனைய, அழுதுகொண்டே பேசினீர்கள். உஷா திரும்பிப் பார்க்கவில்லை. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஐந்தாறு நாள் கழித்துத்தான் ஒரு மதியம் மெல்லப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். அதை நான் எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். உங்கள் வாசலை மிதிக்க எனக்குத் தைரியம் இல்லை.

நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். ஜன்னலைப் பார்த்து, "வாங்க அம்மணி. வந்து உக்காருங்க. பேசக்கூடாதுங்க" என்றீர்கள். கோபத்தில் சொன்னீர்களா, டாக்டர் சொன்னதை இப்போதாவது சரியாகச் செய்ய நினைத்தீர்களா என்று தெரியவில்லை. அதற்குப்பின் இரண்டு வருடம் நான் உஷாவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெயிலோடு அவள் நகர்ந்தால் நானும் நகர்ந்தேன். பேசாமல் ஒருவரோடு இருக்க முடியும் என்பது அங்கேதான் தெரிந்தது.

நீங்கள் வீட்டைக் காலி செய்த அன்று டெம்போவில் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உங்கள் தமிழ் அதற்குள் நன்றாகியிருந்தது. உஷாவுக்கு ஏழு வயது, ஏழெட்டுச் சொற்கள். அன்றுதான் கேட்டேன்.

"அந்த எட்டு மாசம் வீணாப்போகாம இருந்திருந்தா இவ இன்னும் பேசியிருப்பாளாங்க்கா?"

"தெரியலீங்க அம்மணி. ஆனா அந்த எட்டு மாசம் எனக்கு வாயில்லை. மனசுல அத்தனை இருக்கு, ஒண்ணும் வெளிய வராது. அப்பத்தான் இவ எப்படி இருக்கறான்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் பேசு பேசுன்னு இவளை நான் கேக்கலீங்க."

"எம்மேல கோவமாங்க்கா?"

"இருந்துச்சுங்க. நெறைய."

"இப்ப?"

நீங்கள் டெம்போவில் ஏறுவதற்காக உஷாவின் மணிக்கட்டை என் கையில் கொடுத்தீர்கள். "புடிச்சுக்குங்க. ரோட்டுல வண்டி வருது." உஷா கையை உருவிக்கொள்ளவில்லை. நீங்கள் ஏறி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினீர்கள். நான் தூக்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

இப்போது கல்லூரி நூலகத்தில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன். ஒரே பாஷை என்ற அந்த விதியே சரிதானா என்றுகூட இப்போது சந்தேகம் வருகிறது. எந்தப் புத்தகமும் உஷாவைப் பற்றி எனக்கு உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. அவள் உங்கள் அக்கா வீட்டில் இருப்பதாக, நீங்கள் இறந்த செய்தி வந்த கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அங்கே அவளைச் சுற்றி எல்லாரும் உங்கள் பாஷைதான் பேசுவார்கள். அதை நினைத்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "பன்னெண்டு வயசுப் புள்ள என்ன கண்ட? அவ அன்னைக்கே மன்னிச்சிருப்பா, உட்டுத் தள்ளு" என்றார். இருக்கலாம். ஆனால் மன்னித்தேன் என்ற அந்தச் சொல்லை நீங்கள் சொல்லவில்லை அக்கா. உங்கள் முகத்தையும், கையில் தந்த கையையும் வைத்து அதை நானே சொல்லிக்கொள்வது எனக்கு மிகவும் சுலபம். செய்யமாட்டேன். நீங்கள் சொல்லாத ஒன்றை உங்கள் பேச்சில் இன்னொரு முறை சேர்க்கமாட்டேன்.