பிளாட்டரில் பழுது இல்லை

மார்ச் 3, திங்கள்

பள்ளிக் கட்டடத்தின் வரைபடங்கள் மொத்தம் நாற்பத்திரண்டு தாள். பதினான்காம் தேதி ஒப்புதலுக்குப் போக வேண்டும். இன்று தரைத்தளத்தை மட்டும் அச்செடுத்துப் பார்த்தேன். தூண் வரிசையைக் காட்டும் மெல்லிய கோடு, மூன்றாவது தூணுக்கும் நான்காவதற்கும் இடையில் லேசாக வளைந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் இந்த முனையில் ஒரு தட்டு, அந்த முனையில் ஒரு தட்டு, கோடு முடிந்தது. நடுவில் வளைய அதற்கு வழியே கிடையாது. அப்படியானால் மெஷின்தான்.

பெரிய தாளில் அச்செடுக்கும் பிளாட்டரைப் பத்து வருடமாகக் கட்டி மேய்ப்பவரைக் கூப்பிட்டேன். ஆபீசில் அவருக்குப் பெயரே பிளாட்டர்காரர்தான். "எனக்கு நேராத்தான் தெரியுது மேடம்" என்றார். "உங்களுக்கு என்னிக்குக் கோணலாத் தெரிஞ்சிருக்கு?" என்றேன். பக்கத்து மேசையில் சிரித்தார்கள்.

எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'மைக்ரோமீட்டர்'. இரண்டு கோடுகளைக் காட்டினால் எது 0.18 மில்லிமீட்டர், எது 0.25 என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். நான் வளைந்திருக்கிறது என்றால் வளைந்திருக்கிறது. போன வேலையில் கோடு தெளிவில்லை என்று மூன்று தாள் திரும்பி வந்தது. மறுபடி வந்தால் ஆபீசை நடத்தும் சார் தோலை உரித்துவிடுவார்.

மார்ச் 4, செவ்வாய்

பிளாட்டர்காரர் மை தெளிக்கும் ஹெட்டைக் கழற்றித் துடைத்தார். நேர்ப்படுத்தினார். வேகமாக எடுப்பதை நிறுத்தி, மெதுவாக, உயர்ந்த தரத்தில் எடுத்தார். புதுத் தாள் ரோல் மாட்டினார். ஐந்து சோதனைத் தாள், ஐந்திலும் வளைவு.

"மெஷின் பழசாகலை, ஆள்தான் பழசாயிட்டாரு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் கையில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டார். என் நாக்கில் சனி!

மார்ச் 5, புதன்

இன்று வேறு இடத்தில் வளைகிறது. நேற்று வளைந்த இடம் நேராக இருக்கிறது. இதென்ன கூத்து?

மார்ச் 6, வியாழன்

இப்போது கோடு அறுந்தும் போகிறது. கழிப்பறைத் தரையில் கற்களைக் காட்டும் 0.13 கோடுகள் நடுவில் காணாமல் போய், தள்ளி மறுபடி தொடங்குகின்றன. எந்த நிறக் கோடு எத்தனை தடிமனில் அச்சாக வேண்டும் என்று சொல்லும் பேனா அட்டவணை ஒன்று இருக்கிறது. ஆபீஸ் முழுவதற்கும் அது ஒன்றுதான். அதைத் திறந்து 0.13-ஐ 0.25 ஆக்கினேன். 0.25-ஐ 0.35 ஆக்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தேன், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

காலையில் சார் கழிப்பறைத் தாளை மேசையில் விரித்தார். கல் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கறுப்பு அப்பல். அளவு எண்கள் அதற்குள் முங்கிப் போயிருக்கின்றன. படிக்கட்டும் அப்படித்தான். "இது வரைபடமா, தார் ரோடா?" என்றார். பிறகு பிளாட்டர்காரரைப் பார்த்து, "என்னய்யா பண்ணி வச்சிருக்கே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அட்டவணையை மாற்றியது அவருக்குத் தெரிந்திருக்கும், மெஷின் திரையில் தடிமன் காட்டும். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"புதன்கிழமை வரைக்கும் டைம். சரியாகலைன்னா பிரிண்டை வெளியில குடுத்துடலாம். மெஷினும் வேணாம், ஆளும் வேணாம்" என்று சொல்லிவிட்டு சார் உள்ளே போனார்.

அந்தக் கறுப்புத் தாளைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேற்று இது எனக்கு எப்படி நன்றாகத் தெரிந்தது?

மார்ச் 8, சனி

அரை நாள் ஆபீஸ். எல்லோரும் கிளம்பியபின் பிளாட்டர்காரர் ஒரு தாளோடு வந்தார். ஒன்றுமே இல்லை, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் மட்டும்.

"பழுது மெஷின்ல இருந்தா தாளோடதான் இருக்கும் மேடம். எங்க வளையுதுன்னு விரலை வைங்க."

வைத்தேன். தாளைக் கால்வாசி திருப்பினார். "இப்போ?"

வைத்தேன். இன்னும் கால்வாசி. "இப்போ?"

மூன்று முறையும் என் விரல் மேசையில் ஒரே இடத்துக்குத்தான் போனது. தாள் மட்டும்தான் திரும்பியது. அவர் இரும்பு ஸ்கேலை எடுத்துத் தாள் மேல் வைத்தார். பட்டறையில் அடித்த இரும்பு அது. அதுவும் நடுவில் வளைந்திருந்தது.

அவர் ஸ்கேலை மெதுவாக எடுத்து வைத்தார். "வீட்ல இன்னிக்கு யாராச்சும் இருக்காங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

இடது கண்ணைப் பொத்தினேன். ஜன்னல் கம்பி வளைந்தது. வலது கண்ணைப் பொத்தினேன். நேரானது. மறுபடி. மறுபடி. இருபது தடவை பார்த்திருப்பேன். ஒரு தடவையாவது மாறாதா என்று.

தெரிந்துவிட்டது. அண்ணனுக்கு வந்ததுதான்.

எனக்கும் அண்ணனுக்கும் ஆறு வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. அண்ணன் லாரி ஓட்டினான். பார்வையில் கோளாறு தொடங்கி நான்கு மாதம் ஒருவரிடமும் சொல்லாமல் வண்டி எடுத்தான். ஒரு நாள் பட்டப்பகலில் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கொண்டுபோய் விட்டான். நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர்கள் "முன்னாடியே வந்திருக்கலாம்" என்று சொல்லிக் கையை விரித்தார்கள். இப்போது எதிரே நிற்பவர் முகம் அவனுக்குத் தெரியாது. தலையைத் திருப்பி, ஓரக்கண்ணால்தான் பார்ப்பான். ஏன் யாரிடமும் சொல்லாமல் இருந்தான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து, "என்ன, ஜன்னலையே பாத்துக்கிட்டிருக்கே?" என்றார். தூசி என்றேன்.

மார்ச் 10, திங்கள்

பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுத வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஆபீசில் யார் குசுகுசுவென்று பேசினாலும் என்னைப் பற்றித்தானோ என்று காது அங்கேயே போகிறது. பிளாட்டர்காரர் சொல்லியிருப்பாரோ? சொன்னால் அவர் வேலை பிழைக்கும். சொல்லவில்லை என்றால் நாளை போய்விடும். அப்படியும் சார் அறைப் பக்கமே அவர் போகவில்லை. என்ன மனுஷன்!

டாக்டரிடம் போகாதவரை இதற்குப் பெயர் இல்லை. போனால் பெயர் வைத்துவிடுவார்கள். கண் போனால் எனக்கு வேறு என்ன தெரியும்? கோடு போடத் தெரியும், அவ்வளவுதான். சமையல்கூட இவர்தான். நாலு நாள் பொறுத்தால் தானாகச் சரியாகிவிடாதா — அண்ணனும் இப்படித்தானே நினைத்திருப்பான்? ஐயோ.

சாயங்காலம் இவரிடம் சொல்லிவிட்டேன். உடனே திட்டுவார் என்று நினைத்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு, "எந்தக் கண்ணு?" என்றார். காட்டினேன். ரொம்ப நேரம் அந்தக் கண்ணையே பார்த்தார், ஏதோ வெளியில் தெரியும்போல. "காலையில எட்டு மணிக்குக் கிளம்பணும். கிளம்புறே" என்றார்.

மார்ச் 12, புதன்

கண் ஆஸ்பத்திரியில் ஒரு அட்டையை நீட்டினார்கள். கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் ஒரு புள்ளி. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்தச் சோதனைத் தாளைத்தான் பிளாட்டர்காரர் சனிக்கிழமையே எடுத்துக் கொடுத்துவிட்டாரே.

டாக்டர் அம்மா கண்ணுக்குள் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "உள்ள புதுசா ஒரு ரத்தக்குழாய் முளைச்சுக் கசியுது. பவர் அதிகமா இருக்கறவங்களுக்கு வரும். எத்தனை நாளா?"

"பத்து நாள்."

"சீக்கிரம் வந்துட்டீங்க. ஊசி போட்டா நிறுத்திப் பாக்கலாம். இதுவரைக்கும் போனது முழுசாத் திரும்பும்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"ஊசி எங்க?"

"கண்ணுலதாம்மா."

நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். இவர் முகத்தைப் பார்த்தேன், அது என்னைவிட வெளுத்திருந்தது. ஊசி நாளைக் காலை.

வெளியே வராந்தாவில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, இன்று புதன்கிழமை. போனை எடுத்தேன். "சார், பிளாட்டர்ல பழுது இல்ல. பேனா அட்டவணையை மாத்தினது நான். என் கண்ணுலதான் கோளாறு, ஊசி போடணும்னு சொல்லிட்டாங்க. அவர் மேல ஒரு தப்பும் இல்ல." எதிர்முனையில் தாள் புரளும் சத்தம். பிறகு, "அப்போ இந்த நாப்பத்திரண்டு தாளை யாரும்மா பாக்குறது?" என்றார். போனை வைக்கப் போகும்போது, "ஊசி என்னைக்கு? கூட யாரு இருக்கா?" என்றும் கேட்டார்.

மார்ச் 13, வியாழன்

போட்டாகிவிட்டது. வலி அதிகம் இல்லை. கண் முன்னால் ஊசி வரும் அந்த ஒரு நொடிதான் — வேண்டாம், எழுத வேண்டாம். ஒற்றைக் கண்ணால் எழுதுவதால் வரி மேலும் கீழும் போகிறது.

மார்ச் 17, திங்கள்

பழைய அட்டவணையைத் திரும்பப் போட்டு அச்செடுத்த நாற்பத்திரண்டு தாளும் சொன்ன தேதியில் போய்விட்டன. நான் இல்லாமலே போயின. இனி கடைசிச் சரிபார்ப்பு என் கையில் இல்லை, வரைவது மட்டும்தான் என்று சார் சொன்னார். நியாயம்தான். பாத்ரூமில் போய் அழுதேன்.

பிளாட்டர்காரரிடம் போய் நின்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வருவதற்குள் அவரே, "மைக்ரோமீட்டர் சொன்னா எதிர்த்துப் பேச முடியுமா மேடம்? நாலு நாளு என் கண்ணுதான் போச்சோன்னு நானே பயந்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

ஏப்ரல் 16, புதன்

இரண்டாவது ஊசி. இதற்கெல்லாம் பழகிவிடும் என்கிறார்கள். யாருக்குப் பழகியது?

மே 5, திங்கள்

தினமும் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த கட்ட அட்டையைக் காலையில் பார்க்கப் பயந்து, பல் தேய்த்து, துணி மடித்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, இனி செய்ய வேலை இல்லை என்ற பிறகே பார்த்தேன். நேற்று வளைந்த அளவுதான். அதிகமில்லை.

ஜூன் 18, புதன்

மூன்றாவது ஊசிக்குப் பின் இன்று பரிசோதனை. இவருக்கு வேலை இருந்ததால் அண்ணன் துணைக்கு வந்தான். கண்ணில் சொட்டு விட்டு உட்கார வைத்திருந்தார்கள், எனக்கும் எல்லாம் மங்கல். "கவலைப்படாதே, ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணரைக் கண்ணு இருக்கு, வீடு போய்ச் சேந்துடலாம்" என்றான் அண்ணன். பக்கத்தில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

டாக்டர் அம்மா, கசிவு காய்ந்துவிட்டது, இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்றார். நடுக்கோட்டில் ஒரு சின்ன வளைவு நிற்கும், அதோடு வாழ வேண்டியதுதான் என்றார். தலையாட்டினேன். வெளியே வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நீ ஏண்ணா அப்பவே யார்கிட்டயும் சொல்லலை?"

அண்ணன் தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். "சொன்னேனே. ரோட்டுல போஸ்ட்டுக் கம்பமெல்லாம் வளைஞ்சு தெரியுதுன்னு உன்கிட்டதான் முதல்ல சொன்னேன். நீ சிரிச்சே. அப்புறம் மத்தவங்ககிட்ட சொல்ல வெக்கமாப் போச்சு."

குரலில் கோபமே இல்லை. படி வருகிறது, பார்த்து இறங்கு என்று கையைப் பிடித்து இறக்கினான்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து யோசிக்கிறேன். எந்த நாள், எந்த இடம், என்ன சொல்லிச் சிரித்தேன்? எனக்கு நினைவே இல்லை.