இரண்டு முறை செத்தவர்

1943 ஆகஸ்ட் 29

தறிக்குப் பாவு நீட்டியாயிற்று. மழை இல்லை. கூப்பன் அரிசியில் பாதி கல். மகள் உண்ணாமலை ஐப்பசியில் தலைப்பிரசவத்துக்கு வருவாள். அதற்குள் உள் அறையை மெழுகிப் பூச வேண்டும்.

செப்டம்பர் 2

சந்தைக்குப் போய் வந்த கந்தம்மாள், மூத்தார் சென்னிமலையின் சம்சாரம், சேந்தமங்கலத்தில் வாந்திபேதி கண்டிருப்பதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இந்த வீட்டைப் பொறுத்தவரை என் கணவர் செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. செத்தவருக்கு வாந்திபேதி எப்படி வரும்?

செப்டம்பர் 3

கை ஓடவில்லை. எழுதினால் தணியுமா பார்க்கிறேன்.

குமாரசாமி. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. இந்த நோட்டும் அவர் ரங்கூனிலிருந்து வாங்கி வந்ததுதான்.

இருபது வயதில் புடவை மூட்டையோடு கப்பல் ஏறினவர். பெருவெள்ளத்து வருஷம் மோகனூரில் பரிசல்காரர்களே மறுத்துவிட்டபோது தானே துடுப்புப் பிடித்தார். பரிசல் போயிற்று, சரக்கும் போயிற்று. மறுநாள் யாரோ கொடுத்த துண்டைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி வாசலில் நின்றார். மேச்சேரி ஆடுகளை ரயிலேற்றிப் பம்பாய்க்கு அனுப்பினார். பாதி ஆடு வழியிலேயே செத்தது. அப்புறம் பஸ். இராசிபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து சேலத்துக்கு முதல் பஸ் விட்டவர் அவர்தான். அதற்கு 'தெய்வநாயகி' என்று என் பெயரை எழுதி வைத்தார். என் பெயர் ஊர் ஊராகச் சுற்றுகிறதே என்று வெட்கப்பட்டு ஒரு வாரம் நான் தெருப்பக்கம் போகவில்லை.

31-ல் மரம் ஏலம் எடுக்கக் கொல்லிமலை ஏறினார். விஷக் காய்ச்சல். கூடப் போன நம் ஆட்கள் பெரியம்மை என்று பயந்து, அவரைப் பாறையடியில் விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார்கள். சடையன் என்ற மலைக்காரர்தான் டோலி கட்டி இறக்கி, சேந்தமங்கலத்தில் பாதிரியாரின் மருந்துக் குடிசையில் சேர்த்தார். இரண்டு மாதம் கழித்து வந்தவர், நான் ஞானஸ்நானம் வாங்கிவிட்டேன் என்று சொன்னார். ஆடு வாங்கினேன், பஸ் வாங்கினேன் என்று சொல்வாரே, அதே குரலில். புதுப் பெயர் வைக்கிறேன் என்றாராம் பாதிரியார். "இந்தப் பேர்லதான் அத்தனை பொய்யும் சொன்னேன். இந்தப் பேர்லயே நிக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டாராம்.

பஸ்ஸை அண்ணனிடம் விட்டுவிட்டு, சேந்தமங்கலத்தில் அந்தக் குடிசையிலேயே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்று என்னைக் கூப்பிட்டார். போகவில்லை. உண்ணாமலைக்கு அப்போது எட்டு வயது. என்னோடு அவளும் வந்தால் அவளை யார் கட்டுவார்கள்?

செப்டம்பர் 4

நேற்று எழுதாமல் விட்டது.

32 மாசி. குடும்பமே ஏரிக்கரைக்குப் போய் அவருக்குத் தலைமுழுகினோம். உயிரோடு இருக்கிற மனுஷனுக்குக் குடம் உடைத்தார்கள். என் தாலியைக் கந்தம்மாள் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டாள். உண்ணாமலைக்காக என்றார்கள். நானும் தலையைக் குனிந்து கொடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை, அதையும் எழுத வேண்டும். நிமிர்ந்தபோது எதிர்க்கரையில் புளியமரத்தடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். தன் சாவைத் தானே பார்த்துக்கொண்டு.

மறுமாதம் சடையனிடம் சொல்லி அனுப்பினார்: "என்ற கருமாதிச் சோறு எப்படி இருந்துச்சுன்னு கேட்டுட்டு வா. உப்புக் கொறச்சல்னு கேள்விப்பட்டேன்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுதேன்.

உண்ணாமலைக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். அதற்கப்புறமும் நான் போகவில்லையே. அதற்கு என்ன காரணம் சொல்வேன்?

செப்டம்பர் 5

சடையன் வந்தார். வாசலுக்கு வெளியே நின்றே பேசினார். "ஐயனுக்கும் கண்டிருச்சுங்க. ஊரே ஓடிப்போச்சு. அவரு மட்டும் வெந்நி காய்ச்சி ஊத்தீட்டு இருந்தாருங்க. முந்தாநேத்து சாஞ்சுட்டாரு. உங்களக் கூட்டியாரச் சொல்லலீங்க. நானாத்தான் வந்தேன்."

மூத்தார் வெளியே வந்தார். "செத்தவனப் பாக்க யாரும் பஸ் ஏறிப் போறதில்ல, அம்மிணி."

"உசுரோட இருக்காருங்க" என்றேன். பதினொரு வருஷத்தில் நான் அவரிடம் எதிர்த்துப் பேசிய முதல் வார்த்தை.

"போனா திரும்பி இந்தப் படி ஏறாத. உம்பட பொண்ணும் பிரசவத்துக்கு இங்க வர முடியாது. ரோசன பண்ணிக்க."

யோசித்தேன். அவள் வயிற்றைத்தான் யோசித்தேன். அவளுடைய மாமியார் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். நாளைக் காலை பஸ்.

செப்டம்பர் 6

அவர் வாங்கிய பஸ்தான். யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் இப்போது கரியில் நாமக்கல்லுக்கு ஓடுகிறது. என் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். கண்டக்டர் என் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட் கிழித்தார். நாமக்கல்லில் இறங்கி, அங்கிருந்து வண்டி. சேந்தமங்கலம் தெருவில் ஒரு வீட்டிலும் புகை இல்லை.

முந்தானையில் குங்குமம் முடிந்து வைத்திருந்தேன். குடிசை வாசலில் நின்று நெற்றியில் வைத்துக்கொண்டேன். கண்ணாடி இல்லாமல் கோணலாகிவிட்டது.

பாயோடு பாயாகக் கிடந்தார். கண் உள்ளே போய்விட்டது. என் நெற்றியைப் பார்த்தார். பிறகு, "யாரு செத்துப்போனதுன்னு இங்க வந்திருக்க?" என்றார்.

செப்டம்பர் 7

உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். நிற்கவில்லை.

கேட்டேன்: "அப்படி என்னதான் கண்டீங்க, எங்களையெல்லாம் உட்டுட்டு?"

"ரங்கூன் போனா அடுத்து எங்கன்னு மனசு கேக்கும். பினாங்கு போனாலும் கேக்கும். அந்தப் பாறையடில எல்லாரும் ஓடினதுக்கப்பறம் சடையன் ஒருத்தன் வந்தான் பாரு, அன்னையோட அது கேக்கறத நிறுத்திருச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உன்ன மட்டும் கேட்டுட்டே இருந்துச்சு."

கஞ்சிக் கிண்ணத்தை மறுபடி எடுத்தேன். பதினொரு வருஷம், ஒரு பஸ் தூரம்.

செப்டம்பர் 8

போய்விட்டார்.

செப்டம்பர் 9

பாதிரியாரும் சடையனும் நானும். தூக்க வேறு ஆள் இல்லாமல் நானும் ஒரு முனை பிடித்தேன். அவர்கள் ஜெபம் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது முருகன் பெயர்தான், அதைச் சொன்னேன். பாதிரியார் தடுக்கவில்லை.

கிணற்றடியில் ஒரு கிழவி, "பொட்ட அழிச்சுக்க, சாமி" என்றாள். அழிக்கவில்லை. அவர் இருக்கும்போதே பதினொரு வருஷம் அறுத்தவளாக இருந்து முடித்துவிட்டேன். இன்னொரு முறை எதற்கு? தண்ணீர் சேந்திக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 20

அவர் பார்த்த வேலையைச் செய்கிறேன். அவருடைய சாமி எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வெந்நீர் காய்ச்சத் தெரிகிறது.

என் பெட்டியை வாங்கி வர இராசிபுரம் போன சடையன் வெறுங்கையோடு திரும்பி வந்தார். நேற்று ஏரிக்கரையில் எனக்கும் தலைமுழுகிவிட்டார்களாம். குடம் உடைத்தது மூத்தார். குமாரபாளையத்திலிருந்து மாப்பிள்ளை வந்து முழுகினாராம். உண்ணாமலை மாசமாக இருப்பதால் அழைத்து வரவில்லையாம். அந்த மட்டுக்கும் சரி. ஐப்பசியில் அவள் எங்கே போவாள்?

சடையன் போகாமல் நின்றுகொண்டே இருந்தார்.

"சோறு எப்படி இருந்துச்சாம், சடையா? உப்புச் சேந்திருந்துச்சாமா?" என்று கேட்டேன்.

அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். நான் போய் அடுப்பைப் பார்த்தேன். இன்று இரண்டு பேருக்குப் பேதி நின்றிருக்கிறது.