காருக்குப் பின்னால் நிற்க ஒரு ஆள்

இஞ்சாரும் றெஜினா,

'என் அன்பு மனைவியே' என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். முப்பது வருசமாக ஒருநாளும் அப்படிக் கூப்பிடாதவன் இப்போது கூப்பிட்டால், ஆரோ பிற மனுசன் கூப்பிடுகிறான் என்று நீர் திரும்பியும் பார்க்கமாட்டீர். ஆனபடியால் பழைய 'இஞ்சாரும்' போதும்.

அடுத்த மாதம் நீர் போய் ஒரு வருசம், உம்முடைய ஆண்டுத் திருப்பலி. அதற்கு ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறோம். மகள் டிலானிதான் எல்லாவற்றுக்கும் ஓடித் திரிகிறாள். "அப்பா, நீங்களும் அம்மாவுக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்றாள். எட்டாம் வகுப்போடு வலை இழுக்கப் போனவனிடம் கேட்கிற காரியமா இது? மற்ற ஆக்களுடைய மலர் நாலைந்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'எங்கள் வீட்டு விளக்கே, அணைந்தாயோ' என்று போட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த விளக்கு எங்களுடைய காரின் பின் லைட் ஒன்றுதான். அதைப் பற்றியே எழுதுகிறேன். வாசிக்கிற ஆக்கள் மன்னிக்க வேண்டும்.

மலருக்குப் போட உம்முடைய படம் தேடினோம். அடையாள அட்டைப் படத்தில் நீர் களவெடுத்துப் பிடிபட்ட ஆள் மாதிரி இருக்கிறீர். மற்றதெல்லாவற்றிலும் ஆருக்கோ சோறு போட்டுக்கொண்டு குனிந்து நிற்கிறீர். இன்னும் முடிவாகவில்லை.

என்னைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன். கடலுக்குப் போகிறேன். உம்மை அடக்கம் செய்த அன்று நான் அழவில்லை. கிணற்றடியில் நின்ற இரண்டு பேர் 'கல்லு மனுசன்' என்று சொன்னது காதில் விழுந்தது. அதற்குக் கோபமும் வரவில்லை. மாரிகாலத்தில் வலை இழுக்கும்போது விரல் விறைத்துவிடும். முள் ஏறினது தெரியாது. கரைக்கு வந்து இரத்தத்தைக் கண்டபிறகுதான் எங்கே வெட்டினது என்று தேடுவோம். பதினொரு மாதமாக நான் கரைக்கு வந்து சேரவில்லைப் போல கிடக்கிறது.

அன்று காலை உமக்கு நெஞ்சு நோகுது என்று காரின் பின் சீற்றில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேனே, அதற்குப் பிறகு நான் காரைத் தொடவில்லை. கார்த் திறப்பை டிலானியிடம் கொடுத்துவிட்டேன். அவள்தான் பெரியாஸ்பத்திரிக்கு வேலைக்குக் கொண்டுபோய் வருகிறாள். மத்தியானம் போனால் பொழுதுபட்டு ஏழு மணிக்குப் பிறகுதான் முடியும். எங்களுடைய அல்லைப்பிட்டிக்கு வந்து சேரும்வரை பாலத்து றோட்டுக்கு இரண்டு பக்கமும் கடல், தெருவிளக்கு ஒன்றிரண்டு. தனியாகத்தான் வருகிறாள்.

சனிக்கிழமைகளில் நாங்கள் காருக்கு உப்புக் கழுவிவிட்டு லைட் பார்ப்போமே, ஞாபகமோ? நான் உள்ளே இருந்து பிறேக்கை மிதிப்பேன். நீர் பின்னால் நின்று எரியுதோ இல்லையோ என்று சொல்லுவீர். சிக்னலுக்கு 'மினுங்குது, மினுங்குது' என்பீர். அந்தச் சனிக்கிழமை வேலை உம்மோடேயே நின்றுபோனது. திறப்பைக் கொடுத்தவன், பிள்ளையின் காருக்குப் பின்னால் லைட் எரிகிறதா என்று ஒருநாளாவது பார்த்தேனா? பார்க்கவில்லை. நினைக்கவும் இல்லை.

போன சனிக்கிழமை காலையில் மினிபஸ் ஓடுகிற யோசேப்பு அண்ணை வீட்டுப் படலைக்கு முன்னால் பஸ்ஸை நிற்பாட்டிவிட்டு இறங்கி வந்தார். பஸ்ஸுக்குள் சனம் இருந்தது. அப்படியிருந்தும் இறங்கி வந்தார்.

"டேய் அந்தோனி, உன்ர பெட்டை ஓடுறது காரோ, பேயோ?"

"என்ன அண்ணை?"

"நேற்று ராத்திரி மண்டைதீவுச் சந்தியில மாடு குறுக்க வந்திட்டுது. அவள் பிறேக் அடிச்சிருக்கிறாள். எனக்கு ஒண்டும் தெரியேல்லை. பின்னால ஒரு லைட்டும் இல்லையடா! ஒரு முழம். ஒரு முழத்திலதான் நிப்பாட்டினனான். பஸ்ஸுக்குள்ள முப்பது சனம்."

நான் "ஓம்" என்றேன். அவர் என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்து, "இண்டைக்கு அவளுக்கு லீவோ?" என்று கேட்டார். லீவுதான். அடுத்த நாள் மத்தியானம் வேலை.

இனி நான் செய்த மடத்தனத்தைக் கேளும். உமக்கு அதில் பாதி தெரியும். மூன்று வருசத்துக்கு முன் ஒரு மாரியில் பின் லைட்டுக் கூட்டுக்குள் தண்ணீர் போகிறது என்று, பைபர் வள்ளத்துக்கு ஓட்டை அடைக்கிற றெசினைக் குழைத்து இரண்டு லைட்டையும் சுற்றிவரப் பூசினேன். நீர் பார்த்துக்கொண்டு நின்று, "காரைக் கடலிலயோ விடப்போறியள்?" என்று கேட்டீர். நானும் பெரிய பொறியியலாளர் மாதிரி, "இனி இதுக்குள்ள ஒரு துளி போகாது" என்றேன்.

பூச்சால் போகாதுதான், பிறகு கூட்டில் விழுந்த வெடிப்பால் போயிருக்கிறது. ஆனால் போனது வெளியே வராது என்று எனக்கு ஆர் சொன்னது? யோசேப்பு அண்ணை போனபிறகு நட்டுகளைக் கழற்றியும் கூடு அசையவில்லை. கடைசியில் உளி வைத்துக் கொத்தி உடைத்தேன். உள்ளே ஒரு சிரட்டைத் தண்ணீர். அதற்குள் நுளம்புக் குஞ்சுகள் நீந்துகின்றன. டெங்குக்கு வீடு வீடாக வருகிற ஆக்கள் கண்டிருந்தால் என்னை உள்ளே தள்ளியிருப்பார்கள். பல்ப் இருந்த இடமெல்லாம் உப்பும் பச்சைக் களிம்பும்.

பின்னேரம் யோசேப்பு அண்ணைதான் யாழ்ப்பாணத்தில் பழைய கார்ச் சாமான் விற்கிற கடையில் இரண்டு கூடும் ஒரு பெட்டி பல்ப்பும் வாங்கிக்கொண்டு வந்து தந்தார். உடைத்ததை எடுத்துப் பார்த்தவர் தலையில் கை வைத்தார்.

"விசரா, வள்ளத்துக்குத் தண்ணி உள்ள வரக்கூடாது. இதுக்கு வந்த தண்ணி வெளியில போகோணும். அடியில சின்ன ஓட்டை விட்டிருக்கிறான், கண்டியோ? அதைத்தான் நீ முதல்ல அடைச்சிருக்கிறாய்."

"நல்லா அடைச்சிருக்கிறனோ இல்லையோ?"

"ஓமடா. செத்தாலும் கழராது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பாவம், அவர்தான் தேத்தண்ணியும் குடியாமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வேலையைத் தொடங்கினேன். டிக்கியைத் திறந்து, உள்விரிப்பை இழுத்து, புதுக் கூட்டை வெளியிலிருந்து வைத்து, உள்ளே மூன்று நட். பிறகு வயர்ச் சொருகி. கறுப்பு வயரை மட்டும் காரின் உடம்புத் தகரத்தில் திருகாணியால் இறுக்க வேண்டும். பல்ப்பை அமத்திக் கொஞ்சம் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். பிறேக்குக்குரிய பல்ப்பில் இரண்டு இழை, அதன் முளை ஒன்று மேலே, ஒன்று கீழே. மாறிப் போட ஏலாது. என்னைப் போல ஆக்களை நினைத்துத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

டிலானி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது.

காரில் ஏறி ஸ்ராட் பண்ணி, பிறேக்கை மிதித்தேன்.

"எரியுதோ?"

பதில் வரவில்லை.

பதில் வராதபடியால் எரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இறங்கிப் போய், வலப்பக்கத்துப் பல்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று போட்டேன். ஏறினேன். மிதித்தேன்.

"இப்ப?"

ஒன்றும் இல்லை. திரும்ப இறங்கி அதையும் கழற்றி எறிந்துவிட்டு மூன்றாவதைப் போட்டேன். பின்னால் சுவர் இருந்தால் சிவப்பு அடிப்பது தெரியும். எங்களுடையது ஓலை வேலி, பத்து மணி வெயில் வேறு. கண்ணாடியைப் பார்க்கலாமே என்று நீர் கேட்பீர். பின்னால் நீர் நிற்காத கண்ணாடியை மட்டும் நான் பார்க்கவில்லை. மூன்றாம் தரம் மிதித்துக்கொண்டு கத்தியேவிட்டேன்.

"இஞ்சாரும், எரியுதோ எண்டல்லோ கேக்கிறன்!"

அதற்குப் பிறகு நான் இறங்கவில்லை. பிறேக்கிலிருந்து காலையும் எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. கார் ஸ்ராட்டிலேயே நின்றது.

"அப்பா."

டிலானி காரின் கதவடியில் நின்றாள். கையில் அகப்பை.

"எரியுதப்பா. முதலே எரிஞ்சது."

"முதலே எண்டா?"

"நீங்கள் முதல் தரம் கேக்கேக்கையே. நான் குசினி யன்னலால பாத்துக்கொண்டு நிண்டனான்."

"பிறகேன் சொல்லேல்லை விசரி? ரெண்டு நல்ல பல்ப்பை எறிஞ்சுபோட்டன்."



"நீங்கள் என்னைக் கேக்கேல்லையே" என்றாள்.

றெஜினா, உள்ளே ஏறின முள் எங்கே என்று எனக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது. அவளும் பதினொரு மாதமாக அந்த யன்னலால் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"இறங்குங்கோ" என்றாள். "நான் மிதிக்கிறன். நீங்கள் போய்ப் பின்னால நிண்டு பாருங்கோ."

"நானோ?"

"ஓம். வேற ஆர் நிக்கினம் இஞ்ச?"

போய் நின்றேன். இத்தனை வருசத்தில் நான் அங்கே நின்றதே இல்லை. சைலன்சர் சூடு நேரே முழங்காலில் அடிக்கிறது. புகை மூக்குக்குள் போகிறது. முந்தி நான் உள்ளே இருந்து காலையும் அமத்தி, 'என்ன, கண் தெரியாதோ உமக்கு?' என்று வேறு கேட்பேன். இந்தப் புகைக்குள் நின்றா நீர் எனக்குப் பதில் சொன்னீர்? ஒருநாளாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாமே?

"அப்பா, எரியுதோ?"

வலது எரிந்தது. இடது எரியவில்லை. குசினி யன்னலால் பார்த்தால் வலது மட்டும்தான் தெரியும். நான் இரண்டு தரமும் இறங்கி வம்புக்கு இழுத்ததும் அந்த நல்ல வலதைத்தான். எல்லாம் எரிகிறது என்று நம்பி அவள் அப்படியே பாலத்துக்குப் போயிருப்பாள்.



"வலது எரியுது. இடது இல்லை, பிள்ளை."

"இல்லையோ?" அவளுடைய குரல் மாறிவிட்டது.

"காலை எடாதை. மிதிச்சுக்கொண்டிரு."

டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பல்ப்பில் பிழை இல்லை. கறுப்பு வயரை நான் துருவுக்கு மேலேயே இறுக்கியிருந்தேன். மீன் வெட்டுகிற கத்தியால் அந்த இடத்தைத் தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டினேன். திரும்ப இறுக்கியதும் பிடித்துக்கொண்டது. அவள் உள்ளே இருந்து கேட்டாள்.

"இப்ப?"

"எரியுது."

"ரெண்டுமோ? உண்மையாவோ?"

"பொய் சொல்ல நான் என்ன கலியாணத் தரகரோ?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காலை எடுக்காமல் கேட்டாள்: "அப்பா, பின்னால நிக்கிற ஆளைக் கண்ணாடியில நல்லாத் தெரியுதே. அம்மா தலையாட்டுறதும் தெரிஞ்சிருக்குமல்லோ? பிறகேன் ஒவ்வொரு தரமும் கத்திக் கேப்பியள்?"

நான் நட்டை இறுக்குகிற மாதிரி டிக்கிக்குள் குனிந்துகொண்டேன். அதற்குப் பதில் உம்முடைய அந்த 'மினுங்குது, மினுங்குது'தான், உமக்குத் தெரியுமல்லோ?

பன்னிரண்டு மணிக்கு அவள் வெளிக்கிட்டாள். நான் படலை தாண்டி றோட்டுக்கு வந்து நின்றேன். வளைவில் ஆடு ஒன்றும் இல்லை, மாடும் இல்லை. அப்படியிருந்தும் அவள் பிறேக்கைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனாள். இரண்டு பக்கமும் எரிந்தது. அன்றும் நான் அழவில்லை. உள்ளே வந்தேன், பசித்தது. பசித்துச் சாப்பிட்டு எத்தனை நாள். அவள் வைத்த சொதியில் உப்புக் கூடியிருந்தது. அதைச் சொல்லவேண்டும் என்று பொழுதுபட்டு அவள் வரும்வரை காத்துக்கொண்டிருந்தேன்.

வந்து இறங்கினதும் சொன்னேன். "பதினொரு மாசமா அப்பிடித்தான் வைக்கிறன், இண்டைக்கோ கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

சனிக்கிழமைகளில் இனி அவள் மிதிப்பாள், நான் பின்னால் நிற்பேன். சில நாள் மாறியும் நிற்போம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், றெஜினா. எரியுதோ என்று இனி உம்மைக் கேட்கமாட்டேன். அவளைத்தான் கேட்பேன். நீர் கோவியாதையும்.

இப்படிக்கு,
டிலானியின் அப்பா