ஓவர்மாரோ என்றால் நாளான்னைக்கு

மதினி,

இன்று காலை கடைக்கு ஒரு மூட்டை பழைய பேப்பர் வந்து இறங்கியது. பிளாஸ்டிக் பை கொடுத்தால் அபராதம் என்று மறுபடியும் கெடுபிடி. போடி பஜார் முழுக்கப் பொட்டலத்துக்குத் திரும்பிவிட்டது. கயிற்றை அறுத்ததும் குப்பென்று அந்த வாடை. நமுத்த காகிதமும் கரப்பான் எச்சமும் கலந்த அதே வாடை. அப்படியே சீரகச் சாக்கு மேல் உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, தலை சுத்துதா?" என்று மகன் ஓடி வந்தான். அவனிடம் என்ன சொல்ல? என் நாத்தனார் வாடை என்று சொன்னால் நீங்களே எழுந்து வந்து அடிப்பீர்கள்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு கெங்குவார்பட்டியிலிருந்து நான் இந்த மளிகைக் கடைக்கு வந்தபோது, நீங்கள் ஏற்கெனவே இங்கே இருந்தீர்கள். கல்யாணமான கொஞ்ச வருஷத்திலேயே கணவரை வாரிக் கொடுத்துவிட்டு அப்பா வீட்டுக்குத் திரும்பியவர். கல்லாவில் மாமா. பின்பக்கம் பொட்டலம் மடிக்க நாம் இருவர். நாம் பேசினாலே மாமாவுக்கு ஆகாது. "அங்கன என்ன கிசுகிசு? எடையைப் பாத்துப் போடுங்க" என்று ஒரு அதட்டல் வரும்.

மலை மேலே ஏதோ ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி பண்ணியபோது எடைக்கு வந்த காகிதத்தில் அந்த இங்கிலீஷ் அகராதி கிடந்தது. தலையணை மொத்தம் இருக்கும். அட்டை போய், நூல் விட்டு, தாள்கள் முன்பின்னாகக் கலைந்து கிடந்தன. கிழிக்கும் முன் ஒவ்வொரு தாளாக வாசிக்க ஆரம்பித்தோம். தெரிந்த சொற்களையெல்லாம் தாண்டிப் போய், வெள்ளைக்காரனே மறந்துபோன சொற்களாகப் பார்த்துப் பொறுக்குவீர்கள். வாசித்து முடித்த தாள் கடுகோடும் மிளகோடும் ஊருக்குள் போய்விடும்.

"அர்த்தம் வாசிச்சாப் பத்தாது ஏத்தா, ஆளைக் காட்டணும்" என்பீர்கள். ஸ்லகபெட் என்றால் விடிந்த பிறகும் படுக்கையை விடாதவன். நீங்கள் கட்டைவிரலால் மாடியைக் காட்டினீர்கள். மேலே உங்கள் தம்பி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குவிட்நங்க் என்றால் என்ன சேதி, என்ன சேதி என்று ஊர்க்கதை விசாரித்துக்கொண்டே அலைகிறவர். அதற்கு ஆள் தேடவே வேண்டாம், பாத்திரக்கடை அம்மா இருந்தார். "ஏத்தா, குயிட்டுநங்கு வாராக, பெருங்காயத்தை எடு" என்று அவர் காதுபடவே சொன்னீர்கள். அந்த அம்மா அது ஏதோ புதுப் பெருங்காயத்தின் பேர் என்று நினைத்துக்கொண்டு, "எனக்கும் அந்தக் குயிட்டுநங்குலயே அம்பது கிராம் குடு" என்றார். சிரிப்பை அடக்க மல்லித்தூள் டப்பாவுக்குள் முகத்தைப் புதைத்து, தும்மித் தும்மி நான் மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் உக்சோரியஸ் வந்தது. பெண்டாட்டி மேல் மிதமிஞ்சிய பிரியம் வைத்தவன். "இதைப் போயி வசவாப் போட்டிருக்கான் பாரு, கூறுகெட்டவன்" என்று திட்டினீர்கள். நான் விளையாட்டாக, "ஆளைக் காட்டுங்க மதினி" என்றேன். மடித்துக்கொண்டிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தீர்கள்.

"இருந்தாக ஏத்தா. காட்டுறதுக்குத்தான் இப்ப இல்ல."

அதுவரை உங்கள் கணவரைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவரைப் பற்றியே சொன்னீர்கள். உங்களுக்குத் தலைவலி என்றால் அவரே காபி போட்டுக் கொண்டுவருவாராம். சர்ச்சுக்குப் போகும்போது உங்கள் சேலை மடிப்பை அவரே குனிந்து சரிபண்ணுவாராம். மாமா அதட்டியும் நீங்கள் நிறுத்தவில்லை.

நீங்கள் எல்லாவற்றையும்விட ரசித்தது ஓவர்மாரோ. நாளைக்கு அடுத்த நாள் என்று அர்த்தம் போட்டு, பக்கத்திலேயே வழக்கொழிந்தது என்று குறித்திருந்தார்கள். கைகொட்டிச் சிரித்தீர்கள். "நாம நாளான்னைக்கு நாளான்னைக்குன்னு ஓயாமச் சொல்றோம், இவுக அதைத் தொலைச்சுப்புட்டு நிக்கிறாக பாரு. பாவம், இவுகளுக்கு நாளைக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லையே!"

அகராதி தீர்ந்து, மாமாவும் போய், நாமே கல்லாவில் உட்கார்ந்த பிறகும் அந்தச் சொல் நம்மிடம் இருந்தது. பக்கத்தூர் தேவாரத்திலிருந்து வரும் யாவாரி தேங்காய் எப்போது இறக்குவார் என்று கேட்டால் ஓவர்மாரோ என்பீர்கள். பக்கத்தில் நிற்கிறவர்கள் நம் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

மூன்று வருஷம் முந்தி, நெஞ்சில் அடைப்பு என்று மதுரைக்குக் கிளம்பினீர்கள். பயப்பட ஒன்றுமில்லை, குழாய் வழியாகச் சரிபண்ணி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் சொன்னார்கள். நானும் வருகிறேன் என்று சேலை மாற்றி நின்றேன். "கடையை யாரு பாக்குறது? அதான் தம்பி வாரான்ல" என்று காரில் ஏறிக்கொண்டீர்கள். பிறகு கண்ணாடியை இறக்கி, "மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிராத. ஓவர்மாரோ வந்துருவேன்" என்றீர்கள். நான் சிரித்துத் தொலைத்தேன். சிரித்துக்கொண்டே உங்களை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. உங்கள் தம்பியின் அழுகைதான் கேட்டது. அதற்கடுத்த நாள் காலையில் ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. சொன்னபடி வந்துவிட்டீர்கள் மதினி, ஒரு நாள்கூடத் தப்பவில்லை. எல்லோரும் மாரடித்து அழுதபோது எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்படியா வருவது என்று தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. பாஸ்டர் ஜெபம் பண்ணி முடிக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். யாரிடம் சொல்லி அழ? ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால் விளங்கவைக்க ஒரு ஆள் இல்லை. அது நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பாஷை.

இப்போது மகன் செல்போனில் தட்டினால் எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் வந்து நிற்கிறது. எனக்கு வாசிக்கப் பிடிக்கவில்லை.

நல்ல ஏலக்காய் எப்போது வரும் என்று கேட்டால், வியாழக்கிழமை வாருங்கள் என்கிறேன். யார் எதைக் கேட்டாலும் கிழமைதான் சொல்கிறேன். இன்றைக்கு ஒரு பெண், "ஏக்கா, நாளான்னைக்குன்னு சொன்னா வாய் வலிக்குமா? கிழமையை எண்ணிப் பாக்க வேண்டியிருக்கு" என்று சலித்துக்கொண்டாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது மதினி. சொல்ல முடியவில்லை. அந்தச் சொல்லை வெள்ளைக்காரன் எப்படித் தொலைத்தான் என்று அன்றைக்குச் சிரித்தோமே, இப்போது எனக்குத் தெரியும். அவன் வீட்டிலும் யாரோ ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பிப் போயிருப்பார்.