காலியாக இறங்கும் லிஃப்ட்

மார்ச் 3, செவ்வாய்

மிளகு தூங்கிவிட்டாள். ஒரு காலில் மட்டும் சாக்ஸ். கழற்றப் போனால் எழுந்துகொள்வாள், விட்டுவிட்டேன்.

வக்கீலம்மா கடைக்கே ஃபோன் செய்தார். யாருடைய மூக்குக்கண்ணாடிக்கோ திருகு மாட்டிக்கொண்டிருந்தேன். அது உருண்டு எங்கோ போயிற்று. இரண்டு நோட்டீஸுக்கும் மிளகின் அப்பா வரவில்லை. குழந்தைக்குத் தரச்சொல்லி நீதிமன்றம் சொன்ன தொகையைக் கட்டி எட்டு மாதம் ஆகிறது. இனி வாரண்டுதானாம். பிடித்துக்கொண்டுவந்து நிறுத்துவார்கள். அப்போதும் கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை சிறை.

"உள்ள இருந்துட்டு வந்தாலும் பாக்கி கழியாதும்மா. அது அப்படியேதான் நிக்கும்" என்றார்.

நான் கேட்டது என்ன? பள்ளி விட்டதிலிருந்து நான் போய்ச் சேரும்வரை அவள் இருக்கிற காப்பகத்துக்கு ஆகிற செலவு. மாதக் கடைசி வரை பொறுப்பதாக அங்கே சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அவளை எங்கே உட்காரவைப்பேன், கடையின் ஃப்ரேம் அலமாரியிலா?

மார்ச் 5, வியாழன்

வாரண்டுக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு கட்டத்தில் பேனா நின்றது. 'எதிர்மனுதாரரை நிச்சயமாகக் காணக்கூடிய இடமும் நேரமும்.'

அறையை மாற்றிவிட்டார். கம்பெனியையும். லிஃப்ட் மெக்கானிக், எந்தக் கட்டடத்தில் இருப்பார் என்று அவருக்கே அன்றன்றைக்குத்தான் தெரியும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். எழுதினேன்: எங்கள் குடியிருப்பு, தரைத்தளம், லிஃப்ட் வாசல். சனிக்கிழமை மாலை நான்கு மணி.

"படிச்ச பொண்ணுன்னா இப்படித்தான் சுத்தமா நிரப்பணும்" என்றார் வக்கீலம்மா. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 7, சனி

நாலு மணிக்கு வழக்கம்போல மேலே லிஃப்ட் வாசலில் நின்றேன். ஒன்றரை வருடமாக இப்படித்தான். சனிக்கிழமை காலையில் கூட்டிப்போன மிளகை, அவளுடைய அப்பா கீழே லிஃப்ட்டில் ஏற்றிப் பொத்தானை அமுக்குவார். கதவுக்கு மேலே எண்கள் ஒவ்வொன்றாக எரியும். நாலாவது மாடியில் கதவு திறக்கும். மிளகு ராணி மாதிரி இறங்குவாள். நான் கை நீட்டித் தரைத்தளத்தை அமுக்கி, லிஃப்ட்டைக் காலியாகக் கீழே அனுப்புவேன். அதைப் பார்த்தால் அவருக்குத் தெரியும், பிள்ளை சேர்ந்துவிட்டாள் என்று. போய்விடுவார். ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம்.

முதல் நாள் ஆறு வயதுக் குழந்தையைத் தனியாக ஏற்றுவதா என்று பதறினேன். அந்த லிஃப்ட்டின் கயிற்றிலிருந்து கதவு வரை பிரித்துப் பார்த்துவிட்டேன் என்று மிளகிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

காலையில் கூட்டிப்போக வருவதில் தாமதம் உண்டு. திருப்பிக் கொண்டுவிடுவதில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

மார்ச் 18, புதன்

வாரண்டு பிறப்பித்தாயிற்று. வரும் சனிக்கிழமையே. "நீங்க எழுதின இடத்துக்கே ஆள் போறாரு" என்றார் வக்கீலம்மா.

ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. நாலு மணி. லிஃப்ட் வாசல். அவர் கையில் மிளகு இருப்பாளே!

என்ன காரியம் செய்திருக்கிறேன். எனக்குப் புத்தி எங்கே போச்சு?

மார்ச் 19, வியாழன்

அரை நாள் விடுப்பில் நீதிமன்ற அலுவலகம் போனேன். நேரத்தை மாற்ற முடியாதாம். வேண்டாமென்றால் திரும்பப் பெற்று மறுபடி மனுப் போட வேண்டும். இன்னும் இரண்டு மாதம். காப்பகம் இரண்டு வாரம்கூடத் தாங்காது.

அவருக்கு ஃபோன் போட்டேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். சொன்னால் வரமாட்டார். மறுபடி எங்கே தேடுவது? மிளகை அனுப்பாமல் இருக்கலாம்தான். நேற்றிலிருந்தே பையை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

மார்ச் 20, வெள்ளி

நானே கீழே இறங்கி நிற்கப்போகிறேன். வேறு வழி தோன்றவில்லை.

மார்ச் 21, சனி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

எதிர்வீட்டுத் தையல்கார அக்காவை மேலே நிற்கச் சொல்லிவிட்டு மூன்றரைக்கே இறங்கினேன். படியில் ஒருவர் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மடியில் கோப்பு. நீதிமன்ற ஊழியர். நோட்டீஸ் கொடுக்க அலைந்ததும் அவர்தானாம். மூன்று விலாசம் ஏறி இறங்கியதைச் சொல்லி அலுத்துக்கொண்டார்.

குழந்தை மேலே போகிறவரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன். என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

"மனு போட்டதே நீங்கதானேம்மா?"

"ஆமாங்க. நான்தான்."

செருப்பை மாட்டினார். "லிஃப்ட் மேல போய்ச் சேர்ற வரைக்கும் எனக்குக் கண்ணு தெரியாது. அதுக்கு மேல கேக்காதீங்க." தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சரியாக நாலு. மிளகு ஒரு கையில் பலூனும் மறு கையில் அப்பாவுமாக வந்தாள். என்னைக் கண்டதும் அவர் நடை நின்றுவிட்டது. இளைத்திருந்தார். நான் அவள் முடியை ஒதுக்கிவிட்டு, மேலே அக்கா இருக்கிறாள், போ என்றேன். அவர்தான் பொத்தானை அமுக்கினார். இரண்டு பேரும் அண்ணாந்து எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. காலி லிஃப்ட் இறங்கிவந்து கதவு திறந்தது. தூணுக்குப் பின்னாலிருந்து ஊழியர் வந்தார்.

கோப்பைப் பார்த்ததுமே மிளகின் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"நீயா இந்த நேரத்தைச் சொன்ன?"

"நான்தான் எழுதினேன். உங்களை வேற எங்க தேடறது?"

"அவ கையைப் பிடிச்சிட்டு வர்ற நேரம்டி இது."

"தெரியும். அதான் இறங்கி வந்தேன்."

ஊழியரோடு நடந்தார். போகும்போது திரும்பி, "பலூனை ஃபேன் பக்கம் விடாம பாத்துக்கோ" என்றார். நான் அழுதது அப்போதுதான்.

மார்ச் 22, ஞாயிறு

பலூன் பத்திரம். மிளகு நாள் முழுக்கக் கேட்டது ஒன்றுதான்: "நேத்து நீ ஏம்மா கீழ வந்த?" சும்மா என்றேன். நம்பவில்லை.

மார்ச் 23, திங்கள்

இரண்டு ராத்திரி உள்ளே இருந்த சட்டையோடு நீதிமன்றத்தில் நின்றார். ஏன் கட்டவில்லை என்று நீதிபதியம்மா கேட்டார்.

"முதல் மாசம் முடியலைங்க. அடுத்த மாசம் ரெண்டையும் சேர்த்துக் கட்டணுமேன்னு மலைப்பா இருந்தது. அப்புறம் அந்தப் பக்கமே பாக்கலை."

"உங்க பொண்ணுக்குப் பசி எட்டு மாசம் தள்ளி வருமா?"

தலை குனிந்தார். நானும்தான் குனிந்தேன், ஏன்? தபாலைப் பிரிக்காமல் அலமாரிமேல் போடுகிற பழக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அவளுக்குப் பால் வாங்காமல் ஒருநாள் இருந்ததில்லை. அவரை அந்த அளவுக்குப் புரிகிறது. மன்னிக்கிற அளவுக்கு இல்லை.

இனி மாதாமாதம் கம்பெனியே சம்பளத்தில் பிடித்து அனுப்பும். பாக்கி தவணையில். ஒரு தவணை தவறினாலும் சிறை. இதற்கு ஒப்பியதும் அவரை உடனே விட்டுவிட்டார்கள். அவர் கையெழுத்திட்ட உத்தரவைக் காட்டியதும் காப்பகத்தில் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சம்மதித்தார்கள்.

மார்ச் 28, சனி

வரவில்லை. மிளகு பையைக் கழற்றாமலே சாப்பிட்டாள்.

ஏப்ரல் 4, சனி

இன்றும். காதைத் தீட்டிக்கொண்டு நாலு மணிக்கு லிஃப்ட் எதிரே நின்றோம். தையல்கார அக்காதான் அதிலிருந்து இறங்கினாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

கம்பெனியிலிருந்து பணம் வந்துவிட்டது. காப்பகத்துக்கு நேரே கொண்டுபோய்க் கட்டினேன். நன்றாகத் தூங்குவேன் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 11, சனி

பத்து மணிக்கு வந்தார், தாமதமில்லாமல். நாலுக்கு எண்கள் எரிந்தன. மிளகு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி மேடையில் அவள் நடிக்கிறாள், மரமாக. வசனம் கிடையாது, ஆட வேண்டும், அவ்வளவுதான். பெற்றோருக்கு இரண்டு நுழைவுச்சீட்டு. ஒன்றை லிஃப்ட் தரையில் வைத்து, கீழே அனுப்பினேன்.

வெகுநேரம் ஒன்றும் அசையவில்லை. போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு எண்கள் மறுபடி ஏறின. கதவு திறந்தது, ஆள் இல்லை. தரையில் எங்கோ கிழித்த ஒரு துண்டு அட்டை. ஒரு பக்கம் 'வர்றேன்.' மறுபக்கம் அவருடைய புது அறையின் விலாசம், தெரு, கதவு எண்ணோடு. அதன் கீழே: 'எந்த நேரமும்.'

நான் கேட்கவில்லை. அவராகத்தான் எழுதியிருக்கிறார்.

"அப்பா என்ன எழுதியிருக்கார்?" என்று மிளகு எட்டிப் பார்த்தாள். அட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு, கிடைத்தது என்று தெரியட்டும் என, லிஃப்ட்டைக் காலியாகக் கீழே அனுப்பினேன்.