வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

நாள் 209. காலை 7.10
செவ்வாய்க் கோள், குறிஞ்சி நிலையம். எழுதுவது இன்பராஜ், நிலவியல். இங்கே இரண்டே பேர்: நானும் பொறியாளர் சேர்மக்கனி அக்காவும். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. வெளிக்கதவின் மோட்டார் தூசி அடைத்து எரிந்துவிட்டது. இனி உள்ளேயிருந்து சக்கரத்தைக் கையால் சுற்றினால்தான் கதவு திறக்கும். சூரியத் தகடுகளைத் துடைக்க நான் தினமும் வெளியே போயாக வேண்டும். போகும்போது நானே திறந்துகொள்வேன்; திரும்பும்போது அக்காதான் திறக்க வேண்டும். அக்காவுக்குப் பார்க்கின்சன்.

நாள் 210. பகல் 12.40
கண்டெடுப்பவர்களுக்காக இதையும் எழுதி வைக்கிறேன். அக்காவின் மூளையில் டோபமின் வற்றுகிறது. அது இல்லாவிட்டால் கைகால் சொன்ன பேச்சைக் கேட்காது. டோபமினை அப்படியே விழுங்கினால் மூளைக்குள் நுழையாதாம். லெவோடோபா மாத்திரை நுழையும்; உள்ளே போய் டோபமினாக மாறும். போட்ட முக்கால் மணியில் வேலை செய்கிறது. இரண்டு மணி நேரம் சக்கரத்தைப் பம்பரமாகச் சுற்றுகிறார். அப்புறம் தட்டுத்தடுமாறிக் கரண்டி பிடிப்பதோடு சரி; பதறினால் சிலை. சரக்குக் கப்பல் வரும்வரை நாளொன்றுக்கு ஒரே மாத்திரை.

நாள் 211. காலை 10.30 (கவச உடையிலிருந்து, குரல் பதிவு)
எரிச்சலாக வருகிறது. மனுஷி பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் எங்கள் வீட்டில் தொலைத்துவிடுவார்கள். ரேடியோவில் கத்தினேன். பதில்:

"ஏலே, பருப்பும் இந்த மாத்திரையும் ஒரே வாசல்லதான் உள்ள போவணும். பருப்பு முந்திக்கிட்டா மாத்திரை வெளியதான் நிக்கும்."

எல்லாம் சாக்கு. ஆள் எலும்பும் தோலுமாகிவிட்டார். சொல்லிவிட்டேன்: நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடும்வரை நானும் சாப்பிட மாட்டேன்.

நாள் 213. காலை 9.20 (குரல் பதிவு)
இரண்டு நாள் பட்டினி. தலை சுற்றுகிறது, ஆனால் ஜெயித்துவிட்டேன். கிண்ணம் நிறையப் பருப்புச் சோறு வைத்துவிட்டு வந்தேன். இப்போது ரேடியோவில்:

"தின்னுட்டேம்ல, போதுமா? நீ பன்னெண்டுக்குத்தான வருவ. அதுக்குள்ள செரிச்சிரும். ஒனக்கும் எடுத்து வச்சிருக்கேன், வந்து தின்னு."

அப்பாடா. மனசு நிறைந்துவிட்டது.

காலை 10.12
கவச உடையின் தோள்குழாயில் கசிவு. அடைக்க முடியவில்லை. காற்று 11.05 வரைதான். அக்காவிடம் சொன்னேன்.

"இப்பமே மாத்திரைய போட்டுட்டேன். நீ ஓடியா."

முக்கால் மணி என்றால் 10.57. போதும்.

காலை 10.57
கதவருகே நிற்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா. இரண்டு கையும் சக்கரத்தின் மேல். அசையவில்லை. ரேடியோவில் மூச்சு மட்டும் கேட்கிறது.

காலை 11.01
பருப்பு. ஐயோ, பருப்பு. ஒரே வாசல் என்றாரே. தலைதலையாக அடித்துக்கொண்டாரே. நான் கேட்டேனா? பாவி, பட்டினி கிடந்து ஊட்டினேன்.

காலை 11.04
கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். இமைகூட இறங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறார். அக்கா, பார்க்காதீங்க. அக்கா

பகல் 11.50
சேர்மக்கனி எழுதுகிறேன். மாத்திரை 11.41க்கு வேலை செய்தது. கதவு உடனே திறந்தது. கையில் நடுக்கம் கொஞ்சமும் இல்லை. இன்னும் இரண்டு மணி நேரம் இப்படியே இருக்கும். அதற்குள் தம்பியை உள்ளே இழுத்து வந்துவிட வேண்டும். அவன் இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை.