ஈரமில்லாத சக்கை

9-6-1984, சனி

கோதுமைப் புல் ஒரு சாண் வளர்ந்துவிட்டது. ரேஷன் கோதுமை இப்படி முளைக்கும் என்று நினைக்கவில்லை. வாலிகண்டபுரத்திலிருந்து வந்திருக்கும் ஜெகதாம்பாள் அண்ணி - இவருடைய அக்கா - தட்டுகளைப் பார்த்து, "என்னம்மா, வூட்டுக்குள்ளயே முளைப்பாரி போட்டுட்டியா?" என்று சிரித்தார்.

இவருக்குச் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டதாகத் திருச்சி டாக்டர் சொல்லி நான்கு மாதம். கால் வீக்கம் இறங்கவேயில்லை. இயற்கை வைத்தியப் புத்தகம் தினமும் இரண்டு டம்ளர் பச்சைச் சாறு என்கிறது. அம்மியில் அரைத்துத் துணியில் பிழிந்தால் கால் டம்ளர்கூடத் தேறவில்லை. மிக்ஸி சூடாக்கிச் சத்தைக் கெடுக்குமாம். கையால் சுற்றும் மெஷின்தான் வேண்டும்.

10-6-1984

டாக்டர், கீரை என்றால் வேகவைத்து நீரை வடித்துவிட்டுக் கொடுக்கச் சொன்னார். ஏன்? பருத்திக்கு அடிக்கிற மருந்து சந்தைக் கீரையிலும் படிந்திருக்கும், அதற்காகத்தான் இருக்கும். நான் வளர்ப்பது வீட்டுக் கிணற்று நீரில். கடிதம் போட்டுக் கேட்கலாமா? போன தடவையே, "கண்டதையும் படிச்சுட்டு வந்து கேக்காதீங்கம்மா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

கேட்கப்போவதில்லை.

16-6-1984, சனி

பெரம்பலூர் பாத்திரக்கடை. புல்லை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனேன்.

"புல்லுக்கட்டோட கடைக்கு வந்த மொத ஆளு நீங்கதான் டீச்சர்" என்றார் கடைக்காரர் அங்கமுத்து.

பழம் பிழிகிற கருவியில் புல் மசியவேயில்லை. கொத்துக்கறி அரைக்கும் இரும்பு மெஷினில் நார் சுற்றிக்கொண்டது. சாறு கைப்பிடி வழியே ஒழுகியது, துரு வாடை வேறு. மூன்றாவது மெட்ராஸிலிருந்து வந்தது. உள்ளே வெள்ளீயம் பூசிய நீளத் திருகு. மெதுவாகச் சுற்றச் சுற்றச் சாறு ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம். சக்கையை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தேன். ஈரமே இல்லை.

"சக்கையப் பாத்துதாங்க வாங்கணும். இது ஒரு சொட்டு விடாது."

வாங்கிவிட்டேன்.

18-6-1984

டம்ளர் நிறைய வந்தது. முருங்கைக்கீரையும் சேர்த்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "கழுத்துல ஒரு மணியக் கட்டிடு, அப்படியே ஆபீசுக்குப் போயிட்டு வரேன்" என்றார். எத்தனை நாளாயிற்று இவர் வேடிக்கையாகப் பேசி.

29-6-1984

கால் கனக்கிறதாம். பேனா விரலில் நிற்கவில்லை என்று லீவு போட்டிருக்கிறார். உடம்பிலிருக்கும் கெட்டது வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்கிறது புத்தகம். இரண்டு டம்ளரை மூன்றாக்கினேன்.

3-7-1984

"இன்னிக்கு வேணாமே" என்றார். பிறகு குடித்தார். நான் டம்ளரோடு நின்றுகொண்டே இருந்ததால்.

5-7-1984

ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் பாடம் நடத்தினேன். நானேதான் போர்டில் எழுதினேன். 'தாவரங்களில் பொட்டாசியம் மிகுதி. நீரில் எளிதாகக் கரையும்.' மிஞ்சியதைச் சிறுநீரகம்தானே வெளியேற்ற வேண்டும்?

அதற்குத்தான் வடிக்கச் சொன்னாரா? வடித்துக் கொட்டச் சொன்னதையா டம்ளர் டம்ளராக -

சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். கட்டிலிலிருந்து எழ முடியாமல் கிடந்தார். கார் பிடித்துத் திருச்சி.

6-7-1984

"ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப ஏறிடுச்சு. பழம், கீரை ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"கஞ்சிதான் சார்."

அண்ணி வராந்தாவில் இருந்தார். நான் சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன்?

7-7-1984

காலை ஏழே காலுக்கு இருதயம் நின்றுவிட்டது.

30-7-1984, திங்கள்

இன்றுதான் பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்தால் அண்ணி ஊருக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் வேலியோரம் வந்து சொன்னாள்.

"சாறு மெஷினத் தூக்கிட்டுப் போறாங்க டீச்சர். அவங்க வூட்டுக்காரருக்கும் காலு வீங்கிக் கெடக்காமே? எங்க முருங்கையில ரெண்டு கொப்பு வேற ஒடிச்சு வாங்கிக்கிட்டாங்க. 'எந்தம்பி கடைசி மட்டும் அந்தச் சாத்துலதாண்டி உசுரு தாங்கினான், படிச்ச பொண்ணு பாத்துக்கிட்டா'ன்னு ஒரே அழுவ."

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அண்ணி இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

அண்ணியின் வீட்டுக்காரர் வைரக்கண்ணு அண்ணன் இந்நேரம் குடித்திருப்பாரா?

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணியிடம் எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். பெரம்பலூர் போய்த்தான் வாலிகண்டபுரத்துக்கு மாற வேண்டும். பெரம்பலூர் பஸ்ஸில் ஆள் ஏறுகிறது.